என் அஞ்சலி போஸ்டரைக் கிழிக்காதீர்கள்

நேற்று மத்தியானம் கீர்த்தனா போன் செய்தாள். நம் ஆபீசில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளை. "மேடம், நல்லா இருக்கீங்களா?" என்றாள். "ஏன், இருக்கக் கூடாதா?" என்று நான் கேட்டதும் விசும்ப ஆரம்பித்துவிட்டாள். அழகர்கோவில் ரோட்டுப் பள்ளிக்கூட சைட்டில், புதிதாகக் கான்கிரீட் போட்ட பீமைத் தாங்கி நிற்கும் முட்டுக் கட்டையில், என் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்ததாம். அதைக் கிழித்து எறிந்துவிட்டு, மேஸ்திரி கருப்பையாவை அவருடைய ஆட்கள் முன்னாலேயே, "உயிரோட இருக்கவங்களுக்கு இப்படியா பண்ணுவீங்க, வெட்கமா இல்லையா" என்று சத்தம் போட்டிருக்கிறாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டாராம்.

என்மேல் அந்தப் பிள்ளைக்கு இருக்கிற பாசத்தில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் போஸ்டர் பதினைந்து வருஷமாக என் சம்மதத்தோடு ஒட்டப்படுகிறது. பழைய ஆட்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு. நானோ ஓய்வு பெற்று வில்லாபுரம் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன், நேரம் கொட்டிக் கிடக்கிறது. நீங்களும் அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

மதுரையில் தனியாக ஆர்க்கிடெக்ட் என்று பலகை மாட்டிய முதல் பெண் என்று என்னை மேடைகளில் சொல்வார்கள். பலகை மாட்டிய புதிதில் வந்தவர்களில் பாதிப் பேர் "சார் இல்லையா?" என்றுதான் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் தப்பித்தவறி எட்டிப் பார்த்தால் வரைபடத்தை அவர் கையில் திணிப்பார்கள். அவரும் மரியாதைக்கு வாங்கிப் பார்த்து, கூட்டல் எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பார். அந்த மாதிரி நாட்களில் வளர்ந்ததால் எனக்கு நாக்கு கொஞ்சம் நீளமாகிவிட்டது. பேச்சை முந்திக்கொள்ளாவிட்டால் நம்மைக் கேட்க மாட்டார்கள் என்று ஒரு எண்ணம். இந்தக் கதையில் முதல் தப்பைச் செய்தது அந்த நாக்குதான்.

அலங்காநல்லூரைத் தாண்டி ஒரு ஊர். அங்கே ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்று வந்தார்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள். இப்போது சிலருக்குச் சொந்தமாக நிலம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறாள், வாத்தியார் இருக்கிறார், தாலுகா ஆபீசில் ஒரு கிளார்க்கும் உண்டு. மண்டபக் கமிட்டிக்குத் தலைவர் சோலைமலை, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். செயலாளர் பாண்டி, அலங்காநல்லூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்.

தலைவர் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். "கூடத்துக்கு நடுவுல தூணே இருக்கப்படாதும்மா."

ஏன் என்று கேட்டேன். "மத்த மண்டபத்துல எங்களுக்கு எப்பவும் தூணுக்கு அங்கிட்டுத்தான் எலை போடுவாங்க. சின்னப் பிள்ளையில இருந்து நான் போன கல்யாணத்துல எல்லாம் தூணைப் பாத்துக்கிட்டேதான் சாப்பிட்டிருக்கேன். நம்ம மண்டபத்துல கடைசி எலையில உக்காந்தவனுக்கும் மாப்ள மொகம் தெரியணும்."

அதற்காகத்தான் நாற்பது அடி நீளத்துக்குப் பெரிய பீம் போட்டுத் தூணே இல்லாமல் ஒரே கூடமாக வரைந்தேன். தாலி கட்டுகிற மேடையும் அங்கேதான், பந்தியும் அங்கேதான். வரைந்து முடித்ததும் அவர் ஏன் கேட்டார் என்பதை மறந்துவிட்டேன். பீம் மட்டும் ஞாபகம் இருந்தது.

மழை வந்து வேலை தள்ளிப்போனது. பீமுக்குக் கான்கிரீட் போட்ட அன்று பார்த்தால் பன்னிரண்டாம் நாள் தலைவரின் மகளுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். பத்திரிகை கொடுத்துவிட்டார். அந்த நீளத்துக்கு முட்டு இருபத்தோரு நாள் அசையாமல் நிற்க வேண்டும். கூடத்துக்குள் அறுபத்து நாலு சவுக்குக் கட்டை நிற்கிறது. நான் முதல் நாளே சொன்னேன். எல்லாரும் சரிம்மா சரிம்மா என்றார்கள். நம் ஊரில் சரிம்மா என்றால் நாள் நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் போனேன். தலைவர் ஊர்க்காரர்களோடு மண்டபத்தில் நின்றிருந்தார்.

"ஏம்மா, கான்கிரீட்டு கல்லா எறுகிப்போச்சு. ஆணி எறங்க மாட்டேங்குது. காலையில ஏழு மணிக்குப் பிரிச்சுரலாம்னு மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன்."

"மேல எறுகியிருக்கும்ணே. உள்ள இன்னும் பலம் சேரலை. இப்பப் பிரிச்சா பீம் தொங்கும். விழவும் செய்யலாம்."

"மேலூர்ல இருந்து மாப்ள வீட்டுக்காரங்க நானூறு பேரு வாராங்க. இந்தக் கட்டைக்குள்ளயா பந்தி போடச் சொல்றீங்க?"

"போடுங்க. உயிரோட சாப்பிட்டுப் போவாங்க."

"எத்தனை மண்டபம் கட்டுறதைப் பாத்திருக்கேன். எல்லாத்துலயும் பத்து நாள்ல பிரிச்சுர்றான்."

அப்போதுதான் சொன்னேன். "பஸ் ஓட்டுனவருக்கு பீமைப் பத்தி என்னண்ணே தெரியும்?"

சுற்றி நின்ற இருபது பேரில் பாதி அவருடைய சொந்தக்காரர்கள். தலைவர் என்னைப் பார்க்காமல் பீமைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தெரியாதுதாம்மா. அப்ப நீங்க கண்ணை மூடினாத்தான் இந்தக் கட்டையைப் பிரிக்க முடியும்போல."

"ஆமா, அப்படியே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். என் பக்கம் நியாயம் இருந்தது, மரியாதை இல்லை. வைகைப் பாலம் வந்ததும் அது உறைத்தது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. விடிந்ததும் போய் முட்டுக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாவது தடுப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன், போன் வந்தது. பாண்டி.

"அம்மா, நீங்கதான பேசுறது?"

"ஆமா."

"உசுரோட இருக்கீங்கள்ல?"

"பாண்டி, காலங்காத்தால என்ன பேச்சு இது?"

"ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சும்மா."

அந்தச் சின்னத் தப்பு இதுதான். கல்யாணத்துக்கு வரும் என்னை வரவேற்று ஒரு போஸ்டர் அடிக்கக் கமிட்டியில் முடிவு செய்திருக்கிறார்கள். அதே சமயத்தில் பாண்டியின் பெரியப்பா தவசி இறந்து பதினாறாம் நாள் காரியம். அதற்கு ஒரு அஞ்சலி போஸ்டர். இரண்டையும் பாண்டி ஒரே அச்சகத்தில், ஒரே நாளில், ஒரே அளவில் கொடுத்திருக்கிறார். ஒருமுறை பார்த்துச் சரி சொல்லுங்கள் என்று அச்சகத்தில் கூப்பிட்டபோது, கடையில் கூட்டம், போட்டு அனுப்புங்கண்ணே என்றிருக்கிறார். தலைப்புகள் இரண்டும் இடம் மாறிவிட்டன. 'கண்ணீர் அஞ்சலி' என் தலைக்கு மேல். 'வருக வருக' தவசிக்கு.

போஸ்டர் ஒட்டுகிறவர் தலைப்பைப் பார்த்துத்தான் ஒட்டுவார். அஞ்சலி போஸ்டரை அலங்காநல்லூர் ரோட்டிலும் அந்த ஊரிலும் ஒட்டிவிட்டார். வரவேற்பு போஸ்டரை நான் கிளம்பி வருகிற வழியில், வில்லாபுரத்தில் ஒட்டிவிட்டார். ஆக, வைகைக்கு வடக்கே நான் செத்துப்போயிருந்தேன். தெற்கே, பதினாறு நாளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்த தவசியை என் தெருவே வருக வருக என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

உங்களில் வெளியூர்க்காரர்கள் கேட்கலாம், ஒரு போஸ்டரைப் பார்த்தா நம்புவார்கள் என்று. மதுரையில் யார் பிறந்தார், யார் ஜெயித்தார், யார் காது குத்தினார் எல்லாம் சுவரைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். அதில் இருந்த படமும் அப்படி. லைசென்சுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். அந்த முகத்தை வைத்து யாரையும் வருக என்று சொல்ல முடியாது. அஞ்சலிக்கு அம்சமாகப் பொருந்தியிருந்தது. கீழே 'இன்ஜினியர் எஸ்தர் ராணி அம்மா' என்று போட்டிருந்தார்கள். செத்த பிறகும் ஒருத்தரும் என்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லவில்லை.

"இப்ப அங்க என்ன நடக்குது?" என்று கேட்டேன்.

"தலைவர் போஸ்டருக்கு முன்னாடி தரையில உக்காந்துட்டாரும்மா. கண்ணை மூடினாத்தான் பிரிக்க முடியும்னு என் வாயாலயே சொல்லிட்டனேன்னு தலையில அடிச்சுக்கிறாரு. மேஸ்திரி மீசையை எடுத்துட்டாரு."

கருப்பையாவின் மீசை சாதாரண மீசை இல்லை. சைட்டில் காற்றடித்தால் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"முட்டு?"

"முட்டா? அந்தம்மா கடைசியாச் சொன்ன வார்த்தை, எவனாச்சும் கட்டையில கைய வச்சா கைய ஒடிச்சுருவேன்னு தலைவர் சொல்லிட்டாரு. நான் போய் உண்மையச் சொல்லிரவாம்மா? சொன்னா என்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவாங்க."

ஹெல்மெட்டோடு திண்டாடிக்கொண்டு வாசலில் நின்றேன். ஏழு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம். நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்தால், நேற்று பட்ட அவமானத்துக்காகவே தலைவர் முட்டைப் பிரிப்பார். நாளை மறுநாள் நானூறு பேர் அதற்கடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் செத்துப்போயிருந்தால் பீம் நிற்கும். கட்டடக் கலைப் படிப்பில் இதற்குப் பாடம் கிடையாது.

"பாண்டி," என்றேன், "நான் செத்தது செத்ததாவே இருக்கட்டும்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பொய் சொல்லாதவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, வாரம் ஏழு நாளும் சொல்ல மாட்டார். "நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவேன்" என்றார். எட்டு மணிக்குத் தலைவர் என் நம்பருக்குப் போன் செய்தார். இவர் எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க, அவங்க போன்தான். இல்லைங்க, இப்ப அவங்களால பேச முடியாது... எல்லாம் கர்த்தர் கையிலதாங்க இருக்கு... இல்லைங்க, கஷ்டம் ஒண்ணும் படல. காலையில நாலு இட்லி சாப்பிட்டாங்க... கடைசியாவா? கடைசியா, சட்னியில உப்பு கம்மின்னு சொன்னாங்க."

அந்தப் பக்கம் ஒரு பெரிய மனுஷன் தேம்பி அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு, "பொய் ஒண்ணும் சொல்லல" என்று எனக்குத் தெளிவுபடுத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.

ஊரே வேன் பிடித்து மாலையோடு வில்லாபுரத்துக்குக் கிளம்பத் தயாரானது. உடலைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அங்கேயே அடக்கம் என்று சொல்லிப் பாண்டி வேனை நிறுத்தினார். வந்திருந்தால் எங்கள் தெருவில் தவசியின் வரவேற்பைப் பார்த்திருப்பார்கள். எங்கள் முனைக் கடைக்காரர், "யாருக்கா இந்தத் தவசி அய்யா? கச்சிக்காரரா? வந்தா நம்ம கடைக்கும் ரிப்பன் வெட்டச் சொல்லணும்" என்று என்னிடமே கேட்டார். அவர் வர மாட்டார் என்றேன். பெரிய ஆட்கள் என்றால் அப்படித்தான் என்று சலித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மண்டபத்தில் எனக்கு இரங்கல் கூட்டம். பாண்டி தன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எனக்கு ஒலிபரப்பினார். எல்லாருக்கும் கிடைக்காத பாக்கியம் இது. கேட்கவும் செய்தேன், வெட்கம் இல்லாமல். கருப்பையா, "அந்தம்மா வாயி கொஞ்சம் நறுக்குன்னுதான் இருக்கும். ஆனா போட்ட கோடு கோணாது" என்றார். நான் பூரித்துப்போனேன். அப்புறம் தலைவர் பேசினார்.

"பஸ் ஓட்டுனவனுக்கு என்ன தெரியும்னு கேட்டுச்சு. நெசந்தான். எனக்கு பீமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. எம்மக கல்யாணமாச்சும் தூணில்லாத எடத்துல நடக்கணும்னுதான் பிரிக்கச் சொன்னேன். மேலூர்க்காரங்க பாக்கணும்னு. வேற ஒண்ணும் இல்ல."

பாவி நான். இத்தனை நாளாக அந்த மனுஷன் கட்டையைப் பார்க்கவில்லை, தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேண்டாம் என்ற ஒன்றை அறுபத்து நாலாக்கி அவர் முன்னால் நிறுத்திவிட்டு, உமக்கு என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறேன். என் இரங்கல் கூட்டத்தில் அதிகம் அழுதது நான்தான்.

கல்யாணத்தன்று வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் கட்டையை யார் எந்த நேரத்தில் நகர்த்துவார் என்று சொல்ல முடியாது. ஆகவே, முக்காடு போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கண் ஆபரேஷன் ஆனவள் மாதிரி பஸ்ஸில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

மண்டபத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் கலர்த்தாள் சுற்றி, சீரியல் பல்பு போட்டு, ஓரத்துக் கட்டைகளில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். யாரும் தொடக்கூடாது என்பதற்காகக் கருப்பையா அறுபத்து நாலு கட்டையிலும் என் போஸ்டரை ஒட்டியிருந்தார். கல்யாணத்தில் அபசகுனம் என்று பெண்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். கடைசியில் 'கண்ணீர் அஞ்சலி' என்கிற பட்டையை மட்டும் கலர்த்தாளால் மறைப்பது என்று சமாதானம் ஆகியிருக்கிறது. மிச்சம் இருந்தது என் முகமும் பேரும். யாரோ சந்தனமும் குங்குமமும் வேறு வைத்துவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மேலூர்க்கார அம்மா என் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இவுக ஊர்ச் சாமியாத்தா?" என்று என்னிடம் கேட்டாள். தெரியலையே என்றேன்.

முகூர்த்த நேரம். தலைவர் மேடையில் சடங்கில் உட்கார்ந்திருந்தார். கருப்பையா அடுப்படியில். முன் வரிசையில் மாப்பிள்ளையின் தாய்மாமா உட்கார்ந்திருந்தார், நல்ல வாட்டசாட்டமான ஆள். அவருக்கும் மேடைக்கும் நடுவில், நட்டநடுவில், ஒரு கட்டை. வீடியோ எடுக்கிறவரும் மறைக்குது மறைக்குது என்று முனகிக்கொண்டிருந்தார். தாய்மாமா எழுந்தார். மூலையில் கிடந்த சுத்தியலை எடுத்தார்.

"ஒரே ஒரு கட்டைதானப்பா. தாலி கட்டுனதும் திருப்பி வச்சுரலாம்."

முட்டுக்கு அடியில் இருக்கிற ஆப்பில் முதல் அடி விழுந்தது. நாதஸ்வரம், தவில், நானூறு பேர் பேச்சு எல்லாவற்றுக்கும் நடுவில் எனக்கு அந்த ஒரு சத்தம்தான் கேட்டது. பீமின் நடுமுட்டு அது. எல்லாக் கட்டையிலும் அதுதான் அதிகப் பாரம் தாங்குகிறது. பன்னிரண்டாம் நாள், பச்சைக் கான்கிரீட், அடியில் அத்தனை குழந்தைகள். பாண்டி எனக்காகச் சொன்ன பொய், தலைவர் முகம், என் பேர் எல்லாம் ஒரு கணம் வந்து போயின. இரண்டாவது அடிக்கு அவர் கையை ஓங்கினார்.

"கையை எடுங்க."

சைட்டில் முப்பது வருஷம் கத்திப் பழகிய குரல். முக்காடு விழுந்துவிட்டது, கண்ணாடி எங்கோ போய்விட்டது. தாய்மாமா என்னைப் பார்த்தார். தன் மூக்குக்கு நேரே இருந்த போஸ்டரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். சுத்தியல் அவர் காலிலேயே விழுந்தது. நாதஸ்வரம் நடுவில் நின்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த மேலூர்க்கார அம்மா, "ஆத்தா வந்துட்டா" என்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். சமையல்காரர் ஒருவர் கரண்டியோடு வெளியே ஓடினார்.

எனக்கு நான் செத்தவள் என்பதே மறந்துவிட்டது. நேராகப் போய் மண்டி போட்டு, தளர்ந்த ஆப்பைச் சுத்தியலால் தட்டி இறுக்கி, கட்டையைக் கையால் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அதன் பிறகுதான் நிமிர்ந்தேன். கருப்பையா எதிரே நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் கை தானாக மேல் உதட்டுக்குப் போனது.

"மீசை போச்சேம்மா" என்றார்.

மேடையில் இருந்து தலைவர் குரல் வந்தது. பஸ்ஸில் கூட்டத்தை அடக்கிய குரல். "மொதல்ல தாலியக் கட்டுங்கப்பா. நேரம் போகுது. அந்தம்மா எங்கயும் போகாது."

தாலி கட்டினார்கள். தலைவர் இறங்கி வந்தார். வருகிற வழியிலேயே பாண்டி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். நான் அவரைப் பேச விடவில்லை. இருபது பேர் முன்னால் சொன்னதை நானூறு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க முடியும்.

"பஸ் ஓட்டுனவருக்கு என்ன தெரியும்னு கேட்டேன்ணே. அது தப்பு. மன்னிச்சுக்கங்க. ஆனா முட்டு இருபத்தோரு நாள் நிக்கணும்."

"போங்கம்மா" என்றார். "மூணு நாளாச் சோறு எறங்கல எனக்கு. உப்பு கம்மின்னு சொல்லிட்டுப் போச்சேன்னு வீட்டுல உப்பே போட விடல."

அப்புறம் மேலூர்க்காரர்கள் பக்கம் திரும்பிச் சொன்னேன். இது தூண் இல்லை, இந்த மண்டபத்தில் தூணே கிடையாது, இருபத்தோராம் நாள் இதில் ஒரு கட்டைகூட இருக்காது, அன்றைக்கு எல்லாரும் வந்து பாருங்கள் என்று. தலைவர் அதைப் பிடித்துக்கொண்டு, மறுவீட்டு விருந்து அன்னைக்குத்தான், நானூறு பேரும் வரணும் என்று அறிவித்துவிட்டார். தாய்மாமா காலில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு, அதே கட்டையில் சாய்ந்து இரண்டு டம்ளர் பாயசம் குடித்தார்.

இருபத்தோராம் நாள் காலையில் கருப்பையா நடுவில் இருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் பீமுக்கு அடியில் நின்றேன். தலைவரும் வந்து பக்கத்தில் நின்றார். வெளியே போகச் சொன்னேன். "நானூறு பேரை உக்கார வச்ச எடம்மா. நான் நிக்கக் கூடாதா?" என்றார். கடைசிக் கட்டை சாய்ந்தபோது பீம் சும்மா இருந்தது. பன்னிரண்டாம் நாள் எடுத்திருந்தால் விழுந்திருக்குமா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

தலைவர் காலியான கூடத்தில் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு நடந்தார். கடைசி இலை விழுகிற இடத்தில், சுவரை ஒட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மேடையைப் பார்த்தார்.

"தெரியுதும்மா" என்றார்.

கருப்பையா சாய்த்துப்போட்ட கட்டைகளில் இருந்து என் போஸ்டர்களை ஒவ்வொன்றாக உரித்தார். மீசை அரும்பு விட ஆரம்பித்திருந்தது. "இப்பத்தாம்மா நீங்க உசுரோட வந்தீங்க" என்றார். ஒட்டாமல் மிஞ்சிய போஸ்டர் கட்டை அவரே எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவர் வேலை பார்க்கிற சைட்டில் எல்லாம் பெரிய பீமுக்கு முட்டு நிறுத்தினால் என் போஸ்டரை ஒட்டுவார், முட்டுப் பிரிக்கிற அன்று உரிப்பார். நடுவில் எந்த வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் போஸ்டரைக் காட்டி, "செத்துப்போன அம்மா சொன்னது" என்பார். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். பழைய கட்டு எப்போதோ தீர்ந்திருக்கும். என்னிடம் கேட்காமலே மறுபடி அச்சடித்திருக்கிறார் போல. இன்ஜினியர் என்றுதான் இப்போதும் போட்டிருப்பார்.

கீர்த்தனா, உன்னிடம் நேற்று ஒன்று கேட்டேன், கான்கிரீட் போட்டு எத்தனை நாள் ஆச்சு என்று. ஒன்பது நாள் மேடம் என்றாய். பள்ளிக்கூடக்காரர்கள் திறப்பு விழாவுக்கு நெருக்குகிறார்கள் என்றும் சொன்னாய். அப்படியானால் நீ கிழித்தது என் படத்தை இல்லை, அந்த முட்டுக்கு இருந்த காவலை. இன்றைக்கே போ. எந்த ஆட்கள் முன்னால் சத்தம் போட்டாயோ அதே ஆட்கள் முன்னால் கருப்பையாவிடம் மன்னிப்புக் கேள். உனக்கு வயசு இருக்கிறது, எனக்கு ஆனது போல நானூறு பேர் தேவைப்படாது. அவருடைய சாமான் பெட்டியில் போஸ்டர் இருக்கும். மைதாப் பசை காய்ச்சச் சொல்லி, நடுமுட்டில், கண்ணுக்கு நேராக, உன் கையால் ஒட்டு.

இருபத்தோராம் நாள் காலையில் எனக்கு ஒரு ஆட்டோ மட்டும் அனுப்புங்கள். நானே வந்து பீமுக்கு அடியில் நின்று கிழித்துக்கொள்கிறேன். அதுவரை அழகர்கோவில் ரோட்டில் நான் செத்தே இருக்கிறேன், எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.